மனநல ஆய்வில் உதவியாளர் வேலை: கட்டத்தில் விழும் எண்

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காலை எட்டு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். ஓ.பி. சீட்டு போட ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, மாத்திரை வாங்க ஒரு வரிசை. இந்த மூன்றுக்கும் நடுவில் கையில் டேப்லெட்டோ கிளிப் அட்டையோ வைத்துக்கொண்டு ஓர் ஆள் நிற்பார். டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, கவுன்சிலரும் இல்லை. கழுத்து அட்டையில் 'ஆராய்ச்சி உதவியாளர்' என்றிருக்கும். உளவியலோ சமூகப்பணியோ முதுகலை முடித்த பலருக்கும் முதல் வேலை இதுதான். விளம்பரத்தில் 'தரவு சேகரிப்பு' என்று இரண்டே வார்த்தையில் முடித்திருப்பார்கள்.

2015–16இல் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடந்தது. தமிழ்நாடும் அதில் ஒன்று. பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை அப்போது இருந்ததாக அதில் வந்த எண்ணை இன்றுவரை எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, கேள்வியைக் கேட்டு, 'ஆம்', 'இல்லை' என்று குறித்தவர்களின் கையில்தான் அந்த எண் பிறந்தது. அந்தக் கை தவறினால் பெரிய புள்ளியியல் நிபுணராலும் பின்னால் சரி செய்ய முடியாது. எங்கெல்லாம் கை தவறுகிறது என்பதைத்தான் இந்தப் பதிவில் எழுதுகிறேன். பெரியவர்களுக்கான மனநல ஆய்வு மட்டும். குழந்தைகள் ஆய்வு வேறு உலகம்.

முதல் தவறு கேள்வி தொடங்கும் முன்பே நடந்துவிடும். யாரை அணுகினோம் என்ற பதிவேட்டில், சம்மதித்தவர்களை மட்டும் எழுதி வைப்பார்கள். மறுத்தவர், வயது பொருந்தாதவர், 'அடுத்த தடவை பாக்கலாம்' என்று நழுவியவர், எல்லோருக்கும் ஒரு வரி வேண்டும்: தேதி, வயது, பாலினம், சேராத காரணம். பெயர் தேவையில்லை. ஆய்வு முடிந்து கட்டுரை எழுதும்போது 'எத்தனை பேரை அணுகினீர்கள்?' என்று கேட்பார்கள். அன்றைக்கு யோசித்து எழுதினால் அது கற்பனை.

நேரமும் முக்கியம். டாக்டரைப் பார்த்து, மாத்திரையும் வாங்கியவர் பஸ்ஸைத்தான் பார்ப்பார். 45 நிமிடப் பேட்டிக்கு அப்போது உட்கார வைத்தால், இருபதாவது கேள்வியிலிருந்து எல்லாவற்றுக்கும் 'இல்ல, இல்ல' என்று பதில் வரும். காத்திருக்கும் நேரம்தான் நல்லது. ஆனால் வரிசை போய்விடும் என்ற பயம் அவருக்கு இருக்கும். அந்தப் பிரிவு ஸ்டாஃப் நர்ஸிடம் முன்கூட்டியே பேசி, டோக்கன் எண்ணைக் கொடுத்து, 'இவங்க முறை வந்தா கூப்பிடுங்க சிஸ்டர்' என்று ஏற்பாடு செய்யாமல் யாரையும் எழுப்பக் கூடாது. கூப்பிட்டால் பாதிக் கேள்வியில் நிறுத்திவிட்டு, எந்தக் கேள்வியில் எத்தனை மணிக்கு நிறுத்தினோம் என்று எழுதிவைத்து, பிறகு அங்கிருந்தே தொடரலாம்.

ஒப்புதல். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: வெறும் பேட்டி என்றாலும்கூட, சுதந்திரமான, விஷயம் புரிந்த ஒப்புதல் வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம். சிகிச்சை ஏதாவது கொடுத்துப் பார்க்கும் ஆய்வில், ஒருவரால் ஒப்புதல் தர முடியவில்லை, ஆனால் எதிர்ப்பும் காட்டவில்லை என்றால், மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வாங்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் அண்ணனிடம் ஒரு கையெழுத்து வாங்கினால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதோடு முடிந்துவிடாது.

தகவல் தாள்களின் தமிழ் பெரும்பாலும் யாருக்கும் புரியாத தமிழ். 'சீரற்ற முறையில் ஒதுக்கீடு' என்று அச்சிட்டிருப்பார்கள். 'சீட்டுக் குலுக்கிப் போடற மாதிரி. உங்களுக்கு எது வரும்னு டாக்டரும் முடிவு பண்ண முடியாது, நானும் முடிவு பண்ண முடியாது' என்றால் ஒரே தடவையில் புரியும். அந்த வாய்மொழி விளக்கத்தையும் எழுதி, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிவிட்டால், எல்லா உதவியாளர்களும் ஒரே மாதிரி சொல்வார்கள்.

படித்துக் காட்டிய பிறகு 'புரிஞ்சுதா?' என்று கேட்பதில் ஒரு பயனும் இல்லை. 'புரிஞ்சுது சார்' என்றுதான் பதில் வரும். அவரையே திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டும்: 'இதுல சேரலேன்னா உங்க மாத்திரை நின்னுடுமா?', 'நடுவுல வேணாம்னு தோணுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?', 'நாங்க இப்போ எதுக்காகக் கேக்கறோம்?' இந்த மூன்றுக்கும் பதில் சரியாக வந்தால்தான் பேனாவைக் கொடுக்கலாம். 'நீங்க சொன்னா சரிதாங்க' என்பது மரியாதை. அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொரு கேள்வி வரும்: 'இதை எழுதிக் குடுத்தா உதவித்தொகை கிடைக்குமா?' மனநோய்க்கான மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்குப் பயன்படும் 'ஐடியாஸ்' அளவுகோலை ஆய்வுகளிலும் பயன்படுத்துகிறோம் என்பதால் குழப்பம் நியாயமானதே. சுயபராமரிப்பு, உறவுகள், பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. நோய் எத்தனை காலமாக இருக்கிறது என்பதற்குத் தனி மதிப்பெண். சான்றிதழுக்கு என்று நினைத்துக்கொண்டால் கூட வந்த அம்மா, 'குளிக்கவே மாட்டான் சார், எல்லாம் நான்தான்' என்பார். ஆய்வுக்குத்தான் என்று தெரிந்தால் அதே அம்மா 'தண்ணி ஊத்தி வெச்சா தானே குளிச்சுக்குவான்' என்பார். இரண்டும் பொய்யில்லை, ஆனால் மதிப்பெண் வேறு. ஆகவே முதல் நிமிடத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

படிவத்தில் சிக்கும் சின்ன விஷயங்கள்: பதிப்பு எண்ணும் தேதியும் நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்த தாளோடு ஒத்துப்போக வேண்டும். பழைய கட்டு மேசை டிராயரில் கிடந்து, அதிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டிவிடுவது அடிக்கடி நடக்கும். புதுப் பதிப்பு வந்த அன்றே பழையதைக் குறுக்கே கோடிட்டுத் தனியே கட்டிவைத்துவிட வேண்டும். கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியைப் பங்கேற்பாளரே எழுத வேண்டும். கைரேகை என்றால் ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி, படித்துக் காட்டியது முழுக்க உடனிருந்து கேட்டிருக்க வேண்டும். கடைசியில் கூப்பிட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கினால் செல்லாது. ஒரு நகல் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் வைத்தியம் பார்ப்பது மாமியார் வீட்டுக்குத் தெரியாமல் வரும் பெண்ணுக்கு அந்த நகலே ஆபத்து. கேட்டுவிட்டு, வேண்டாம் என்றால் 'வேண்டாம் என்றார்' என்று கோப்பில் எழுதினால் போதும்.

இனி கேள்விகள். மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.க்யூ-9 படிவம் மிக எளிமையானது என்று பெயர் வாங்கியது. ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 5, 10, 15, 20 என்பவை லேசானது, மிதமானது, சற்றுக் கடுமையானது, கடுமையானது என்று தொடங்கும் இடங்கள். மனப்பாடம் செய்ய அரை மணி நேரம் போதும். கேட்கக் கற்றுக்கொள்ள இரண்டு மாதம் ஆகும்.

முதல் சிக்கல் 'கடந்த இரண்டு வாரம்'. அப்படியே படித்தால், கல்யாணம் ஆன நாளிலிருந்து கதை தொடங்கும். தினசரி காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு பதினாலு நாள் பின்னால் போய், அங்கே ஒரு முளை அடிக்க வேண்டும். 'போன அமாவாசைக்கு அப்புறம்', 'ரேஷன் அரிசி வாங்கினீங்களே, அதுல இருந்து இன்னைக்கு வரைக்கும்'. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் அந்த முளையைத் தொட்டுக்காட்ட வேண்டும். மூன்றாவது கேள்வியில் மறந்துவிட்டால், மீதி ஆறும் வாழ்நாள் முழுவதற்குமான பதிலாகிவிடும்.

இரண்டாவது, 'அடிக்கடி'. தமிழில் இந்த ஒரு வார்த்தைக்குள் 1, 2, 3 மூன்றும் அடங்கிவிடும். 'சில நாட்கள்', 'பாதிக்கும் மேற்பட்ட நாட்கள்', 'ஏறக்குறைய தினமும்' என்று நாம் படிப்போம். அவர் 'அடிக்கடி வரும்ங்க' என்பார். நாமாக 2 போட்டுக்கொள்வதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் திருட்டு. 'இந்தப் பதினாலு நாள்ல எத்தனை நாள் இருந்திருக்கும்?' என்று எண்ணிக்கையாகக் கேட்கலாம். தொலைபேசிக் கணக்கெடுப்புகளில் 0–1 நாள் என்றால் 0, 2–6 என்றால் 1, 7–11 என்றால் 2, 12–14 என்றால் 3 என்று பிரித்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். உங்கள் ஆய்வின் செயல்முறை ஏட்டில் இதைச் சேர்க்கச் சொல்லி முதன்மை ஆய்வாளரிடம் கேளுங்கள். ஏட்டில் இல்லாமல் நீங்களாகச் செய்தால், உங்கள் 50 பேருக்கும் பக்கத்து மேசைக்காரரின் 50 பேருக்கும் நடுவே வரும் வித்தியாசம் நோயால் வந்ததாக இருக்காது, உங்களால் வந்ததாக இருக்கும்.

மூன்றாவது, இரட்டைக் கேள்விகள். தூக்கம் வராமை அல்லது அதிகத் தூக்கம். பசியின்மை அல்லது அதிகம் சாப்பிடுதல். மந்தமாக இருப்பது அல்லது நிலைகொள்ளாமல் அலைவது. 'தூக்கம் எப்படி?' என்று கேட்டு 'நல்லாத் தூங்கறேன்' என்ற பதிலுக்கு 0 போடுகிறார்கள். அந்த 'நல்லா' பகல் பன்னிரண்டு மணி வரைக்கும் இருக்கலாம். இரண்டு பாதியையும் தனித்தனியாகக் கேட்டு, அதிகமாக வருவதை எடுக்க வேண்டும்.

பசி பற்றிக் கேட்கும்போது காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். 'சோறு இறங்கல', 'சாப்பிடப் பிடிக்கல', 'சாப்பிட வழியில்ல' மூன்றும் வேறு. முதல் இரண்டுதான் கேள்விக்கு விடை. மூன்றாவதைப் படிவத்தின் ஓரத்தில் எழுதி, சமூகப்பணியாளரிடம் சொல்ல வேண்டும். தூக்கத்தில் நிலைமை தலைகீழ்: கொசு, கரண்ட் கட், நைட் ஷிஃப்ட், கைக்குழந்தை என்று காரணம் வரும். இந்தப் படிவம் காரணத்தைக் கேட்கவில்லை. சிரமம் இருந்ததா என்றுதான் கேட்கிறது. அவர் சொன்னபடி எண்ணைப் போட்டுவிட்டுக் காரணத்தை ஓரத்தில் எழுதுங்கள். 'கொசுதானே' என்று 0 போடும் உரிமை நமக்கு இல்லை.

கூட வந்தவர் பதில் சொல்வது நான்காவது. 'அவளுக்கு ஒண்ணுமில்ல சார், சும்மா யோசிச்சுக்கிட்டே இருப்பா' என்று கணவர் தொடங்குவார். அவரை வெளியே போகச் சொன்னால் பேட்டியே போய்விடும். 'அண்ணே, முதல்ல அக்கா என்ன சொல்றாங்கன்னு எழுதிக்கறேன், அப்புறம் உங்ககிட்ட தனியா ஒரு பத்து நிமிஷம் கேக்கணும்' என்றால் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்வார். சொன்னபடி அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்கவும் வேண்டும்.

ஒன்பதாவது கேள்வி தனி. செத்துவிட்டால் தேவலை என்ற எண்ணம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம். குரலைத் தாழ்த்தி, தலையை ஆட்டிக்கொண்டே, 'அப்படியெல்லாம் எதுவும் இல்லல்ல?' என்று கேட்பவர்களைப் பார்க்கலாம். 'இல்ல' என்ற பதிலையும் சேர்த்துக் கையில் கொடுத்துவிடும் கேள்வி அது. முந்தைய எட்டையும் எந்தக் குரலில் கேட்டீர்களோ அதே குரலில், அச்சில் உள்ளபடி கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இது பலமுறை ஆராய்ந்து பார்க்கப்பட்ட விஷயம்.

'போய்ச் சேந்துட்டா தேவலன்னு இருக்கு' என்பது நம் ஊரில் அலுப்பில் சொல்லும் பேச்சுதான். அதற்காக 0 போட்டுவிட முடியாது. 1 என்று குறித்தாலே அடுத்த படி தொடங்கிவிடும்: எப்படி என்று யோசித்ததுண்டா, எப்போது, கைக்கு எட்டும் இடத்தில் என்ன இருக்கிறது, முன்பு முயன்றதுண்டா. 'பூச்சிமருந்து வீட்டுல இருக்கா?' என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். கிராமத்தில் அது பரண்மேல், மண்வெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும். இதற்குமேல் எடைபோடுவது நம் வேலை இல்லை. ஆளைத் தனியே விடாமல், அன்றைக்குப் பொறுப்பில் இருக்கும் மனநல மருத்துவரிடம் கையோடு கூட்டிப்போய் ஒப்படைத்து, ஒப்படைத்த நேரத்தை எழுத வேண்டும். அந்த டாக்டரின் பெயரும் எண்ணும் தினமும் காலையில் படிவக் கட்டின் மேல் எழுதப்பட்டிருக்க வேண்டும். தேவைப்படும்போது தேடுவது அல்ல. 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணைக் கொடுப்பது நல்லது. ஆனால் எண்ணைக் கொடுத்து அனுப்பிவிட்டால் ஒப்படைத்ததாக ஆகாது.

'இதைச் சொன்னா போலீஸ் கேஸ் ஆகுமா?' என்று கேட்பார்கள். அதே 2017 சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது. வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை வழக்கோ தண்டனையோ இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை எளிய தமிழில் சொல்லத் தெரிந்திருந்தால் பல வாய்கள் திறக்கும். ரகசியம் காப்போம் என்று சொல்லும்போதே, உயிருக்கு ஆபத்து என்றால் டாக்டரிடம் சொல்வோம் என்பதையும் ஒப்புதல் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். நடுவில் சொன்னால் ஏமாற்றியதுபோல் ஆகிவிடும்.

தொலைபேசியில் கேட்கும் ஆய்வென்றால் இரண்டு விஷயம். பேச்சைத் தொடங்கும்போதே 'இப்போ எங்க இருக்கீங்க, பக்கத்துல யாரு இருக்காங்க?' என்று கேட்டுக் குறித்துவிடுங்கள். ஒன்பதாவது கேள்விக்குப் பிறகு கேட்டால் போனை வைத்துவிடக்கூடும். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, எந்த டாக்டரும் கிடைக்காத நேரத்தில், எண்ணிக்கையை முடிக்கவேண்டுமென்று யாரையும் கூப்பிடாதீர்கள். டேப்லெட்டில் இன்னொரு பொறி உண்டு. ஒன்பதாவது கேள்விக்கான எச்சரிக்கை, படிவத்தை சர்வருக்கு அனுப்பிய பிறகுதான் தெரியும்படி அமைத்திருப்பார்கள். சிக்னல் இல்லாத ஊரில் அது மறுநாள்தான் போகும். எச்சரிக்கை திரையிலேயே அந்த நொடியில் வரும்படி மாற்றச் சொல்லுங்கள். அதுவரை உங்கள் கண்தான் எச்சரிக்கை.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) ஆய்வுகளில், அறிகுறிகளின் கடுமையை அளக்க பான்ஸ் என்ற அளவுகோல். 30 அம்சம், ஒவ்வொன்றும் 1 முதல் 7. இது கேள்வித்தாள் இல்லை. அரை மணி, முக்கால் மணி பேசி, கடந்த ஒரு வாரத்தை வைத்து, கவனித்ததையும் குடும்பத்தார் சொன்னதையும் சேர்த்து மதிப்பிடுவது. நம் ஊரில் முதலில் இடறும் இடம் செய்வினை. 'அண்ணி செய்வினை வெச்சுட்டாங்க' என்றதும் பிரமை என்று 5 போடுவார்கள். கூட வந்த அம்மாவும் ஊரும் அதையே நம்பினால் அது மட்டும் அறிகுறி ஆகாது. கோயில் திருவிழாவில் சாமி வருவதும் அப்படித்தான். யார் யார் நம்புகிறார்கள், எவ்வளவு உறுதியாக, அதனால் அவர் அன்றாடத்தில் என்ன மாறியது என்று மூன்றையும் கேட்டபிறகுதான் எண். முகத்தில் உணர்ச்சி இல்லாமல் உட்கார்ந்திருப்பதும் அப்படி: நோயா, மருந்தால் வந்த விறைப்பா என்று டாக்டரிடம் கேட்டுக் குறிக்க வேண்டும்.

பான்ஸில் ஒரு கணக்குப் பிழை ஆண்டாண்டாக நடக்கிறது. ஒவ்வொரு அம்சமும் 1இலிருந்து தொடங்குவதால் அறிகுறியே இல்லாதவருக்கும் 30 வரும். 90இலிருந்து 60க்கு இறங்கியவருக்கு 33 சதவீத முன்னேற்றம் என்று எழுதுகிறார்கள். 30ஐக் கழித்தால் 60இலிருந்து 30. முன்னேற்றம் 50 சதவீதம். எக்செல் தாளில் சூத்திரத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.

பயிற்சியில் எல்லோரும் ஒரே வீடியோவைப் பார்த்து ஒரே மாதிரி மதிப்பிடுவார்கள். நான்கு மாதம் கழித்து ஒருவர் இறுக்கமாகவும் இன்னொருவர் தாராளமாகவும் மாறியிருப்பார், யாருக்கும் தெரியாது. சில மாதங்களுக்கு ஒருமுறை இரண்டு பேர் ஒரே பேட்டியில் உட்கார்ந்து, பேசிக்கொள்ளாமல் தனித்தனியே எண் போட்டு ஒப்பிடுவது தவிர இதற்கு வேறு மருந்தில்லை. எந்தச் சிகிச்சைப் பிரிவு என்று தெரியாமல் மதிப்பிட வேண்டிய ஆய்வில், 'அந்த மேடம் சொல்லிக்குடுத்த மூச்சுப் பயிற்சி நல்லா இருக்குங்க' என்று பங்கேற்பாளரே உடைத்துவிடுவார். உட்காரும்போதே 'என்ன சிகிச்சைன்னு எங்கிட்ட சொல்லாதீங்க' என்று கேட்டுக்கொள்ளலாம். மீறிச் சொன்னால் மறைக்காமல் எழுதிவைத்து, அடுத்த முறை வேறொருவரை அனுப்ப வேண்டும்.

தரவு ஏற்றுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தாளில் தவறினால் ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, உங்கள் சுருக்கொப்பமும் தேதியும் போடுங்கள். வெள்ளை மை கூடாது. விடுபட்ட பதிலைக் காலியாக விடாதீர்கள். 'மறுத்தார்', 'தெரியாது', 'கேட்க மறந்தது' மூன்றுக்கும் தனிக் குறியீடு வேண்டும். பெயர்ப் பட்டியலும் ஆய்வு எண்ணும் சேர்ந்த ஏடு தனிப் பூட்டில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் படம் எடுத்துப் போடக் கூடாது.

ஃபாலோ-அப்புக்கு வருவோம். ஆய்வுகள் செத்துப்போவது இங்கேதான். சேரும் நாளில் மூன்று எண் வாங்குங்கள்: அவருடையது, வீட்டில் ஒருவருடையது, வெளியே நம்பிக்கையான ஒருவருடையது. அங்கேயே ஒருமுறை மிஸ்டு கால் கொடுத்துச் சரிபாருங்கள். விலாசத்துக்குக் கதவு எண் உதவாது. 'பிள்ளையார் கோயில் தாண்டி, தண்ணித் தொட்டிக்கு எதிர்ச் சந்து, ஓட்டு வீடு' என்று அவர் வாயால் சொல்வதை அப்படியே எழுதுங்கள். வேறு யாராவது போனை எடுத்தால் 'மனநல ஆய்வு' என்ற வார்த்தை வரக் கூடாது. என்ன சொல்லிப் பேசலாம் என்று சேரும் நாளிலேயே அவரிடம் கேட்டு, அவர் சொன்ன வாக்கியத்தையே பயன்படுத்துங்கள். வீட்டுக்குப் போனால் வண்டியைத் தெருமுனையில் நிறுத்தி, கழுத்து அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு நடந்து போங்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் ஊரில் மாலை நான்கு மணிக்கு முன்னால் யாரும் இருக்க மாட்டார்கள். பொங்கலை ஒட்டிய வாரத்தில் ஃபாலோ-அப் தேதி விழுந்தால், எத்தனை நாள் முன்பின் அனுமதி என்று பார்த்து முன்னாடியே முடித்துவிடுங்கள்.

ஒரு நாள் அந்த மூன்று எண்களில் ஒன்றை வேறு யாரோ எடுத்து, 'அவரு தவறிப் போயிட்டாருங்க' என்பார்கள். படிவத்தில் அதற்கும் ஒரு பக்கம் இருக்கும். அதை அப்போது திறக்காதீர்கள். வருத்தம் தெரிவித்து, அவர்கள் பேசினால் கேளுங்கள். தேதியையும் காரணத்தையும் அவர்களாகச் சொன்னால் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முதன்மை ஆய்வாளருக்கு அன்றே, தாமதிக்காமல் சொல்ல வேண்டும். மருந்துச் சோதனை என்றால் 24 மணி நேரத்துக்குள் அவர் அதைத் தெரிவித்தாக வேண்டும். பிறகு உட்கார்ந்து, நினைவூட்டல் எஸ்.எம்.எஸ். பட்டியலைத் திறந்து, அந்த மூன்று எண்களையும் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் அடுத்த மாதம் அதே தேதியில், இறந்தவர் பெயர் போட்டு, 'உங்கள் அடுத்த சந்திப்பு நாளை காலை 10 மணிக்கு' என்று அந்த வீட்டுக்குச் செய்தி போகும்.